எளப்பு

கரண்ட் பில் கட்டத்தான் போனை எடுத்தேன்.
ஈபி என்று அடிக்கப் போய்
'இ' யில் விரல் பட்டுவிட்டது.
அதுவாக நீட்டியது:
இளைப்பு எதனால் வருகிறது
இளைப்பு தறிக்காரர்
இளைப்பு வந்தால் எத்தனை வருடம்

வீட்டுக்கு ஒரே போன்.
சாயங்காலம் மிதுலாவுக்கு வீட்டுப்பாடம்,
பகலில் எனக்கு,
எட்டு மணிக்கு மேல் அவரோடு பட்டறைக்குப் போய்விடும்.
மூலையில் வட்டத்துக்குள் ஒரு 'அ'.
தொட்டால் அர்த்தநாரி என்று காட்டும்,
நான் வாயால் சொல்லாத பேரை.

பள்ளிபாளையத்தில் நடுச்சாமத்தில்
தறிச்சத்தத்துக்குள் நின்று
போனிடம் எதையும் சொல்ல முடியாது.
வெளியே, டீ கேனுக்குப் பக்கத்தில் நின்றுதான்
கேட்டிருப்பார்.
மணி 2.07.

அவர் எளப்பு என்று சொல்லியிருக்கிறார்.
அது இழப்பு என்று எழுதிக்கொண்டது.
விபத்து இழப்பீடு பெறுவது எப்படி.
தொழிலில் இழப்பா, பத்து நிமிடத்தில் கடன்.
மறுபடி சொல்லியிருக்கிறார்.
மறுபடியும் இழப்பு.
அஞ்சாந்தரம் யாரோ அடித்துக் கொடுத்திருக்க வேண்டும்,
பாவு பிணைக்க வரும் பையனாயிருக்கும்,
திருத்தமாய், பள்ளிக்கூடத் தமிழில்.
அதற்கப்புறம் எல்லா ராத்திரியும் இளைப்பு.

திறந்து பார்த்த பக்கத்தின் தலைப்பு
ஊதாவாகிக் கிடக்கும்.
அந்த ஊதாவைப் பிடித்துக்கொண்டே போனேன்.
பஞ்சுத்தூசியும் நுரையீரலும்.
கருந்துளசிக் கசாயம்.
பதினோரு நாளில் வேரோடு அறுப்பேன் என்கிற
வெள்ளைக்கோட்டு ஆள்.
(ஓஹோ, போன மாசம் துளசிச்செடி
மொட்டையாய் நின்றது இதற்குத்தானா.
ஆடு மேய்ந்துவிட்டதென்று பக்கத்து வீட்டில்
சண்டைக்குப் போனேனே.)
2.31க்குப் புற்றுநோய் என்று ஒரு பக்கம்.
அடுத்தது 3.12க்கு.
நடுவில் ஒன்றுமில்லை.
அந்த நாற்பது நிமிடமும்
எட்டுத் தறியும் ஓடியிருக்கும்,
நூல் அறுந்த இடத்தில் கை முடிச்சுப் போட்டிருக்கும்.
காலையில் வந்தவரை, என்னுங்க முகம் வெளுத்திருக்கு என்றதற்கு
'அதொண்ணுமில்ல, பஞ்சு தொண்டைல நின்னுக்குச்சு' என்றார்.

இன்னும் கீழே இறங்கினேன்.
அட்வான்ஸ் பாக்கி இருக்க வேலையை விட்டால்.
இளைப்பு பிள்ளைகளுக்கு ஒட்டுமா.
அப்புறம், போன செவ்வாய், 2.40:
பெண்களுக்குப் பொழுதோடு
கால் வீங்குவது எதனால்.

நான் சொன்னதில்லை.
சேலையை ஒரு சாண் தழைத்துக் கட்டிக்கொண்டேன்,
மெட்டியைக் கழற்றி அரிசிப் பானையில் போட்டேன்,
அவ்வளவுதான்.
நானும் தேடியிருக்கிறேன், அதே கேள்வி, மத்தியானத்தில்.
உப்பு என்றது, சிறுநீரகம் என்றது, இதயம் என்றது,
ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்றது.
படித்ததும் மூன்று புள்ளியைத் தொட்டு
அழித்துவிடுவேன்.
அழிக்கவா என்று கேட்கும்.
ஆமாம்.

அவருக்கு அழிக்கத் தெரியாது.
அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
பையனிடம் அடிக்கக் கேட்டவர்
அழிக்கக் கேட்டிருக்க மாட்டாரா?
இதை யார் பார்க்கட்டுமென்று விட்டு வைத்தார்?

உள்ளே அவர் தூங்குகிறார்.
கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்கிறது,
அடுப்பில் வைத்துவிட்டு மறந்த தண்ணீர் போல
நெஞ்சுக்குள் ஒரு சத்தம்.

பில் இன்னும் கட்டவில்லை.
எழுத்துக்கூட்டி அடித்தேன்:
பெருந்துறை பெரியாசுபத்திரி நெஞ்சு டாக்டர் எந்தக் கிழமை.
அதன் கீழேயே இன்னொன்று:
புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே நாள்ல காட்டிக்கலாமுங்களா.
இரண்டாவதற்குப் பொருத்தமாய் எதுவும் இல்லை என்றது போன்.
இருக்கட்டும், அதையா கேட்டேன்.
அழிக்காமல் வைத்தேன்.
எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டு போவார்.